“எழுதிக் கொடுங்கள்”: அன்றாட வாழ்வில் திருநர் மீதான பாகுபாட்டைத் தடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு திருநங்கைக்கோ திருநம்பிக்கோ (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்) வீடு தர மறுப்பவர் “நீங்கள் திருநர், அதனால் தரமாட்டேன்” என்று எழுதிக் கொடுப்பதில்லை. “நேத்துதாம்மா அட்வான்ஸ் வாங்கிட்டேன்” என்பார். வேலைக்கு வந்தவரிடம் “அப்புறம் கூப்பிடுறோம்” என்பார்கள். அரசு அலுவலகத்தில் “சர்வர் வேலை செய்யல, அடுத்த வாரம் வாங்க”. காவல் நிலையத்தில் “பேசித் தீத்துக்கோங்க”. எல்லாம் வாய்ப்பேச்சு. பேச்சு காற்றில் போய்விடும், கதவு மட்டும் மூடியே இருக்கும்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. ஆனால் அதற்குக் காகிதத்தைத்தான் படிக்கத் தெரியும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வேலையைத்தான் சுற்றி வரும்: வாயால் சொன்ன மறுப்பை எழுத்துக்குக் கொண்டுவருவது எப்படி, அந்த எழுத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது. திருநர்களுக்காகவும், அவர்களுடன் நிற்கும் தோழி, அண்ணன், சக ஊழியர், வீட்டுக்காரர் எல்லோருக்காகவும் எழுதியிருக்கிறேன். நடைமுறைகள் தமிழ்நாட்டுக்கானவை. மத்திய சட்டங்கள் மட்டும் இந்தியா முழுக்கப் பொருந்தும்.

முதலில், கையில் என்ன சட்டம் இருக்கிறது?

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒருவருடைய பாலினத்தை அங்கீகரிக்க அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று கேட்பது சட்டவிரோதம் என்றது. சமத்துவம், பாகுபாடின்மை, கருத்துச் சுதந்திரம், கண்ணியமான வாழ்வு ஆகிய அடிப்படை உரிமைகள் திருநர்களுக்கும் உண்டு என்றது. அதன்பின் வந்ததுதான் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2019. அது 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 3-வது பிரிவு கல்வி, வேலை, மருத்துவம், பொது இடங்கள், போக்குவரத்து, வீடு வாங்குவது அல்லது வாடகைக்கு எடுப்பது போன்றவற்றில் பாகுபாடு கூடாது என்கிறது. 18-வது பிரிவு தண்டனை சொல்கிறது: கொத்தடிமை போல வேலை வாங்குவது, பொது இடத்துக்குள் விடாமல் தடுப்பது, வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்துவது, உடல், மனம், பாலியல், பொருளாதாரம் என எந்த வகையிலும் துன்புறுத்துவது ஆகியவற்றுக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓட்டை தெரியும். வீடு தர மறுப்பது 3-வது பிரிவுப்படி தவறு, ஆனால் அதற்கென்று நேரடித் தண்டனை 18-வது பிரிவில் இல்லை. பாலியல் வன்முறைக்கு அதிகபட்சம் 2 ஆண்டு என்பதும் பெரிய அநியாயம். பெண்ணுக்கு நடந்தால் பல மடங்கு தண்டனை. சட்டம் வந்த நாளிலிருந்தே திருநர் இயக்கங்கள் இதைச் சொல்லி வருகின்றன. எனவே புகார் எழுதும்போது 18-வது பிரிவோடு நிறுத்த வேண்டாம். அடித்தது, மிரட்டியது, வழிமறித்தது எல்லாம் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) பொதுவான குற்றங்களுக்குள்ளும் வரும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, வேற்றுச் சாதிக்காரர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். திருநர் என்றதும் சாதிக் கோணத்தைக் காவல் நிலையமும் மறந்துவிடுகிறது, சில நேரம் உதவ வந்தவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

படி 1: ஆவணங்களை வரிசையாக மாற்றுங்கள்

ஆதாரில் ஒரு பெயர், பான் அட்டையில் வேறு பெயர், மதிப்பெண் சான்றிதழில் பழைய பெயர், நேரில் வந்து நிற்பவர் வேறு தோற்றத்தில். பாகுபாடு காட்ட நினைப்பவருக்கு இதைவிட வசதியான சாக்கு கிடைக்காது. “ஆவணம் பொருந்தவில்லை” என்று முடித்துவிடுவார்.

தொடக்கம் மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றிதழ். 2020 விதிகள் வகுத்த வழி இது: மத்திய அரசின் திருநர் தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து, பிரமாணப் பத்திரத்தை இணைக்க வேண்டும். அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் வசித்திருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை கேட்கக் கூடாது என்று அந்த விதிகள் சொல்லியிருந்தன. 30 நாளில் சான்றிதழ் தர வேண்டும். நிராகரித்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தையும் விதியையும் அரசு திருத்தும். அதனால் பழைய யூடியூப் காணொளியைப் பார்த்து விண்ணப்பிக்காமல், அந்த வாரத்தில் என்ன நடைமுறை என்று மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழ்நாடு திருநங்கைகள் நல வாரியத்தின் அட்டை வேறு. இந்த வாரியம் 2008-இல் அமைக்கப்பட்டது. மாநில அரசின் ஓய்வூதியம், கல்வி உதவி, தொழில் மானியம் போன்றவற்றுக்கு இந்த அட்டையைக் கேட்பார்கள். இரண்டையும் வாங்கி வைப்பதே நல்லது.

பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிட்டுவிட்டு, பிறகு ஆதார், பான், வங்கி, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை என்று போங்கள். ஆதாரை முடித்துவிட்டால் மற்றவை ஓரளவு எளிது. பான் விண்ணப்பத்தில் திருநர் என்ற தனி இடம் 2018-இல் வந்தது. வங்கிப் படிவங்களில் மூன்றாம் பாலினத்துக்கு இடம் கொடுக்கும்படி ரிசர்வ் வங்கி 2015-இலேயே சொல்லிவிட்டது. கிளையில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், நீங்கள் சொல்லுங்கள்.

பழைய பெயரில் உள்ள காகிதங்கள் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் கிழித்துப் போடாதீர்கள். பழைய பெயர்க்காரரும் புதிய பெயர்க்காரரும் ஒரே நபர் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் செய்து, பத்து நகல் எடுத்து வையுங்கள். பள்ளிச் சான்றிதழ் திருத்தம் இழுத்துக்கொண்டே போகும் காலத்தில் அதுதான் கைகொடுக்கும்.

படி 2: வாய்ச்சொல்லைக் காகிதமாக்குங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தூத்துக்குடியில் 2018-இல் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்யப் போனபோது பதிவாளர் மறுத்தார். மாவட்டப் பதிவாளரும் அந்த மறுப்பை உறுதி செய்தார். இரண்டும் அலுவலக நடவடிக்கையாக எழுத்தில் வந்தன. அந்த எழுத்தை எதிர்த்துத்தான் அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தார். பதிவாளர் “நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க” என்று வாய்மொழியாகவே இழுத்தடித்திருந்தால், எதை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்பது?

அரசு அலுவலகமாக இருந்தால் மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். வெளியே வந்து அதே மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். “முடியாது” என்று சொன்னால், “சரிங்க சார், அந்தக் காரணத்தை மனுவின் மேலேயே எழுதிக் கொடுங்க” என்று அமைதியாகக் கேளுங்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னதும் பாதி மறுப்புகள் இறங்கி வந்துவிடும் என்பது என் அனுபவம்.

தனியாரிடம் முத்திரை கிடைக்காது. அங்கே வாட்ஸ்அப் போதும். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வந்ததும் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: “வணக்கம் சார். இன்று காலை 11 மணிக்கு உங்கள் முதல் மாடி வீட்டைப் பார்த்தோம். வாடகைக்கும் முன்பணத்துக்கும் ஒப்புக்கொண்டோம். பிறகு நான் திருநங்கை என்பதால் தர இயலாது என்று சொன்னீர்கள். வேறு காரணம் இருந்தால் தெரிவிக்கவும்.” அவர் பதில் போட்டாலும் சாட்சி. நீல டிக் விழுந்து பதில் வராவிட்டாலும் அன்றே கேட்டதற்குத் தடயம் இருக்கும். செய்தியில் ஒரு கெட்ட வார்த்தை, ஒரு மிரட்டல்கூட இருக்கக் கூடாது. நாளைக்கு அதை நீதிபதி படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

அன்றிரவே ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். திட்டிய சொல்லை நாகரிகமாக மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். வாட்ஸ்அப், ஒலிப்பதிவு போன்ற மின்னணுச் சாட்சியத்தை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதனால் போன் மாற்றினாலும் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

உடன் போகிறவர் செய்ய வேண்டியது என்ன? வாயைத் திறந்து வழக்காடுவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதே பெரிய உதவி. அதிகாரி உங்களைப் பார்த்துப் பேசுவார், திருநங்கை அக்காவைப் பார்க்க மாட்டார். “அவங்கதான் மனுதாரர், அவங்ககிட்ட கேளுங்க சார்” என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்துகொள்ளுங்கள்.

படி 3: வீடு

2017-இல் கொச்சி மெட்ரோ திருநர்களை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. சில நாட்களிலேயே அவர்களில் சிலர் வேலையை விட்டார்கள். காரணம் வேலையிடம் இல்லை. கொச்சியில் அவர்களுக்கு யாரும் வீடு தரவில்லை, லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகவில்லை. வேலைவாய்ப்புத் திட்டம் போடுகிறவர்கள் இதை மனப்பாடம் செய்ய வேண்டும்.

வீடு மறுப்புக்கு நேரடித் தண்டனை இல்லை என்று மேலே சொன்னேன். அதனால் இங்கே வழக்கைவிட முன்னேற்பாடுதான் அதிகம் உதவும். புரோக்கரிடம் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லலாமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். என் கருத்தில், தனியாக வசிக்கப் போகும் திருநங்கை சொல்லிவிட்டுப் போவது பாதுகாப்பு. குடியேறிய பிறகு தெரிந்து, ராத்திரியோடு ராத்திரியாகச் சாமானை வெளியே வைப்பது அதைவிட மோசம். திருநம்பிகள் நிலை வேறு. சொல்லாமலே வசிக்க முடிகிறவர்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

குடியேறும் முன் எழுத்தில் வாடகை ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் வீட்டுக்கான முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. திருநர் என்றால் 10 மாத அட்வான்ஸ், ஆயிரம் இரண்டாயிரம் கூடுதல் வாடகை என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம். அதைவிட முக்கியம், வெளியேற்றுவதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை அந்தச் சட்டம் தடுக்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பில் மனுப் போடலாம். வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் நீங்கள் குடியிருந்ததற்கு அதுவே சாட்சி.

வீட்டுக்காரராக இருந்து இதைப் படிக்கிறீர்களா? அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்பதுதான் உங்கள் பயம் என்றால், அந்த அக்கம்பக்கத்தாரிடம் நீங்களே முதலில் பேசிவிடுங்கள். “நம்ம வீட்டுக்குக் குடிவர்றாங்க, பேங்க்ல வேலை” என்று இயல்பாகச் சொன்னால் பேச்சு அடங்கும்.

படி 4: வேலை

திருநங்கை பிரித்திகா யாசினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் அவருக்கான இடமே இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு என்று தேர்வின் போக்கில் திரும்பத் திரும்ப உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2015 நவம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2017-இல் தருமபுரியில் பணியில் சேர்ந்தார். கவனியுங்கள்: ஒவ்வொரு முறையும் எதிர்க்க ஒரு நிராகரிப்பு இருந்தது.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு 2019 சட்டத்தின் 11-வது பிரிவு பயன்படும். அரசோ தனியாரோ, ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். 2020 விதிகளின்படி அவர் புகாரை 15 நாளில் விசாரிக்க வேண்டும். அறிக்கை வந்த 15 நாளில் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை நிறுவனம் வெளியிடவும் வேண்டும். பல இடங்களில் இந்த அலுவலர் யாரென்று மனிதவளத் துறைக்கே தெரியாது. பிரச்சினை எதுவும் இல்லாத நாளில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: “நம் நிறுவனத்தின் புகார் அலுவலர் பெயரைத் தெரிவிக்கவும்.” இதைத் திருநர் ஊழியர்தான் கேட்க வேண்டும் என்றில்லை. நீங்கள் கேட்டால் அவர் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டிய அவசியமே வராது.

பள்ளி வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு திருநங்கை ஆசிரியரின் வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சட்டம் வந்தும் அரசுகள் அதைச் செயல்படுத்தாமல் கிடப்பில் போட்டதைக் கடுமையாகக் கண்டித்தது. கொள்கை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் அமைத்தது. உங்கள் புகாரில் இதைக் குறிப்பிடலாம்.

வேலையில் சேரும்போது பாலினத்தை உறுதிப்படுத்த உடல் பரிசோதனை கேட்டால் மறுக்கலாம். கரூர் மாவட்டக் காவல் துறையில் ஒரு பெண் காவலரைப் பரிசோதனை முடிவை வைத்து நீக்கியபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. அப்படிக் கட்டாயப்படுத்துவதே அடிப்படை உரிமை மீறல் என்றது.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் தினமும் குத்துபவை. அடையாள அட்டையிலும் மின்னஞ்சலிலும் இப்போதைய பெயர். சம்பளப் பட்டியலில் பழைய பெயர் இருந்தே தீர வேண்டும் என்றால் அதைப் பார்ப்பவர் ஒருவராக மட்டும் இருக்கட்டும். கழிவறை பற்றிக் கூட்டம் போட்டு விவாதிக்காதீர்கள், அவர் எதைப் பயன்படுத்த விரும்புகிறார் என்று தனியாகக் கேட்டு முடிவு செய்யுங்கள். “நீங்க ஆபரேஷன் பண்ணிட்டீங்களா?” என்று உங்கள் மேலாளரிடம் கேட்பீர்களா? அவரிடமும் கேட்காதீர்கள்.

படி 5: மருத்துவமனை

காய்ச்சலுக்குப் போனாலும் பேச்சு பிறப்புறுப்பில் வந்து நிற்கும். வரிசையில் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். ஆண் வார்டா பெண் வார்டா என்று தாழ்வாரத்தில் வைத்தே விவாதிப்பார்கள். சீட்டு வாங்கும் இடத்திலேயே “டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுங்க” என்று கேட்டுவிடுங்கள். உள்நோயாளியாகச் சேர வேண்டியிருந்தால் வார்டு பற்றி மருத்துவமனை நிலைய மருத்துவ அலுவலரிடம், அதாவது ஆர்.எம்.ஓ.விடம், உடன் வந்தவர் போய்ப் பேசலாம்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். திருநங்கை என்றதும் முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை, பிறகுதான் சிகிச்சை என்று சொல்லும் இடங்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் பரிசோதிக்கக் கூடாது. சிகிச்சை தர அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதும் கூடாது.

திருநராக இருப்பதை “மாற்றிக் காட்டுகிறேன்” என்று குடும்பத்தாரிடம் பணம் வாங்கும் மருத்துவர்களும் உளவியல் ஆலோசகர்களும் இன்னும் இருக்கிறார்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவு இப்படிப்பட்ட ‘சிகிச்சை’யைத் தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் இதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அந்த மருந்துச் சீட்டும் ரசீதும் இருந்தால் மாநில மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம். இந்த நீதிபதியைப் பற்றி ஒரு செய்தி: தனக்கே இந்த விஷயம் சரியாகத் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உத்தரவு எழுதினார். தெரியாது என்று சொல்வதில் நமக்கு என்ன கூச்சம்?

படி 6: பள்ளி, கல்லூரி

கல்லூரியில் கேலி செய்தால் அது ராகிங். பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகளில் 2016 முதல் பாலின அடையாளம், பாலின ஈர்ப்பு ஆகியவற்றைக் காரணமாக வைத்துச் செய்யும் துன்புறுத்தலும் சேர்ந்திருக்கிறது. உதவி எண் 1800-180-5522. உயர்கல்வி படிக்க விரும்பும் திருநர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உள்ளிட்ட செலவுகளை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு 2024 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. நல வாரியத்தில் விசாரியுங்கள்.

பள்ளியில் இவ்வளவு எளிதில்லை. பிள்ளை தன்னைப் பற்றி ஓர் ஆசிரியரிடம் சொல்லியிருந்தால், அந்த ஆசிரியர் அதை உடனே பெற்றோருக்குப் போன் போட்டுச் சொல்வதுதான் பெரிய ஆபத்து. பிள்ளைக்கு வீட்டில் அடி விழுமா என்று தெரியாமல் சொல்லாதீர்கள். ஆபத்து என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

படி 7: பிறந்த வீடு

முதல் பாகுபாடு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. சட்டத்தின் 12-வது பிரிவு, திருநராக இருப்பதற்காக ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, குடும்பத்தாரும் அந்த வீட்டில் வாழும் உரிமையை மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அடியும் சூடும் விழுகிற வீட்டில் “உனக்கு இங்கேயே இருக்க உரிமை உண்டு” என்று சொல்லி என்ன பயன்?

18 வயது நிரம்பியவர் வெளியேற முடிவு செய்தால், கிளம்பும் முன் ஆதார், சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் மறுபடி நகல் வாங்க ஓராண்டு அலைய வேண்டிவரும். போனதும் பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுப்பார்கள். அதற்காகத்தான் மேலே சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் 2021 உத்தரவில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: விசாரணையில் விருப்பப்பட்டு வெளியேறிய வயதுவந்தோர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவைக்க வேண்டும். எனவே போலீஸ் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம். “என் சொந்த விருப்பத்தில் வந்தேன், வயது இவ்வளவு, பாதுகாப்பாக இருக்கிறேன்” என்று கையெழுத்திட்ட கடிதத்தைப் பெற்றோர் ஊர்க் காவல் நிலையத்துக்கும் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள். இப்போதைய முகவரியை அதில் எழுத வேண்டாம், வழக்கறிஞர் முகவரி போதும்.

திருநங்கைகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் ஜமாத், அதாவது குடும்பம் போன்ற அவர்களுடைய சொந்த அமைப்பு, இருக்கிறது. குரு, நானி (குருவின் குரு) என்று உறவுமுறை இருக்கிறது. ராத்திரி வந்து நின்றாலும் ஒரு பாய் கிடைக்கும். திருநம்பிகளுக்கு அப்படி ஒரு வலை இல்லை. வீட்டுக்குள் அடைத்து வைத்துக் கல்யாணம் செய்துவைக்கும் அபாயமும் அவர்களுக்குத்தான் அதிகம். உதவ நினைப்பவர்கள் அவர்களை மறந்துவிடாதீர்கள்.

படி 8: காவல் நிலையம்

புகாரை எழுதியே கொண்டுபோங்கள். குறைந்தது மனு ஏற்பு ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள், நிலையத்தில் இதை சி.எஸ்.ஆர். என்பார்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும். “எங்க எல்லை இல்லை” என்பது செல்லாது. எந்த நிலையத்திலும் பதியலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவு சொல்கிறது. மறுத்தால் அதே புகாரை மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அவரும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய ரசீதை அங்கே கேட்பார்கள்.

துன்புறுத்துபவரே போலீஸ்காரர் என்றால்? தமிழ்நாடு காவல் சார்நிலை அலுவலர் நடத்தை விதிகளில் 2022-இல் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையோ (திருநர் உள்ளிட்ட பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினர்) அவர்களுக்காகப் பணிபுரிபவர்களையோ எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்பது அந்த விதி. புகாரில் இந்த எண்ணைக் குறிப்பிட்டால் அது துறை நடவடிக்கைக்கான புகாராகிவிடும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.

படி 9: பேருந்து, ரயில், கடைத்தெரு

நகரப் பேருந்துகளில் பெண்களுக்கான இலவசப் பயணத்தைத் தமிழ்நாடு அரசு 2021-இல் திருநர்களுக்கும் விரிவாக்கியது. டிக்கெட் உண்டு, பக்கத்து இருக்கைதான் காலியாகவே வரும். யாராவது கேலி பேசினால், பேசியவனோடு நீங்கள் மல்லுக்கு நிற்பதைவிட, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து “அக்கா, எங்க இறங்கணும்?” என்று பேச்சுக் கொடுங்கள். கேலிக்குப் பார்வையாளர் குறைந்துவிடும். கை வைத்தால் நடத்துநரிடம் வண்டியைக் காவல் நிலையத்துக்கு விடச் சொல்லுங்கள், அல்லது 112. ரயிலில் 139.

போன் எடுத்துப் படம் பிடிப்பதாக இருந்தால் தாக்குபவனைப் பிடியுங்கள், பாதிக்கப்பட்டவர் முகத்தை அல்ல. அந்தப் பதிவை அவரிடம் கொடுத்துவிடுங்கள். இணையத்தில் போடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. ஒவ்வொரு சித்திரையும் கூவாகம் திருநங்கைகள் திருவிழாவில் கேமராக்கள் செய்வதைப் பார்த்தால், நல்லெண்ணத்தோடு வரும் கேமராவும் எவ்வளவு தொல்லை என்பது புரியும். அனுமதியில்லாமல் எடுத்த காணொளி பரவினால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்துக்கும், இணைப்பு முகவரியோடும் திரைப்பிடிப்போடும் உடனே புகார் அனுப்புங்கள். அழித்துவிட்டு ஓடும் முன் திரைப்பிடிப்பு எடுத்துவிட வேண்டும்.

படி 10: மனு எழுதுவதும் துரத்துவதும்

நீளமான மனுவை யாரும் படிப்பதில்லை. ஒரு பக்கம் போதும். இந்த வடிவத்தை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

“பொருள்: திருநர் என்ற காரணத்தால் வேலை மறுக்கப்பட்டது தொடர்பாக. நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். மாவட்ட ஆட்சியர் வழங்கிய அடையாளச் சான்றிதழ் எண் … . … தேதி … மணிக்கு … நிறுவனத்தில் நேர்காணலுக்குச் சென்றேன். அங்கு … பொறுப்பில் உள்ளவர் ‘…’ என்று கூறி அனுப்பிவிட்டார். அப்போது … உடனிருந்தார். அன்று மாலை நான் அனுப்பிய செய்தியின் நகல் இணைப்பில் உள்ளது. இது 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3 மற்றும் 9-வது பிரிவுகளுக்கு முரணானது. விசாரித்து, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

“எழுத்து மூலம்” என்ற கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நிறுவனத்தின் மீதான புகாரைப் புகார் அலுவலருக்கும் நிறுவனத் தலைவருக்கும் அனுப்பி, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் நல வாரியத்துக்கும் அனுப்புங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100.

அரசு அலுவலகம் 30 நாளில் பதில் சொல்லவில்லையா, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: “என் மனு எண் … மீது எந்தத் தேதியில் எந்த அலுவலர் என்ன குறிப்பு எழுதினார், நகல் தருக.” அதற்கும் 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். கோப்பில் ஒரு குறிப்பும் இல்லை என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். மனுவின் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று அந்த அலுவலகமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அலுவலகத்துக்கு உத்தரவிடக் கேட்கும் மனு, போடும் வழக்கறிஞர் முதலில் கேட்பதும் அதைத்தான்.